டேப் வைத்து அளக்க முடியாத பொய்கள்: டேட்டிங் ப்ரொஃபைலில் நாம சொல்றதும் சொல்லாம விடுறதும்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, பேச்சில் வந்த இழுவைகளை வெட்டித் தந்திருக்கிறோம்.

இன்னைக்கு ஒரு அளவு டேப்புல இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹான்காக், கேடலினா டோமா, நிக்கோல் எலிசன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள். டேட்டிங் தளங்கள்ல ஆளுங்க எவ்வளவு பொய் சொல்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒருத்தர்கிட்ட போய் "நீங்க பொய் சொல்றீங்களா"ன்னு கேட்டா, அந்தப் பதிலை நம்பலாமாங்கறது அடுத்த பிரச்சனை. அதனால நியூயார்க்கில் இந்தத் தளங்களைப் பயன்படுத்துற 80 பேரை நேரிலேயே வரவழைச்சாங்க. 40 ஆண்கள், 40 பெண்கள். முதல்ல அவங்கவங்க ப்ரொஃபைலை அவங்க கையிலயே கொடுத்து, "இதுல ஒவ்வொரு தகவலும் எவ்வளவு சரின்னு நீங்களே மார்க் போடுங்க"ன்னாங்க. அப்புறம் டேப் எடுத்து உயரத்தை அளந்தாங்க. எடை மெஷின்ல ஏத்தி நிக்க வச்சாங்க. வயசுக்கு டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பாத்தாங்க.

2008-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 81% பேர் உயரம், எடை, வயசு இந்த மூணுல ஒண்ணுலயாவது உண்மையை மாத்தி எழுதியிருந்தாங்க. எடையில் கை வச்சவங்க கிட்டத்தட்ட 60%. உயரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர். வயசில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கம்மி. ஆண்கள் அதிகமா உயரத்தைக் கூட்டுனாங்க, பெண்கள் அதிகமா எடையைக் குறைச்சாங்க. இது யாருக்கும் ஆச்சரியமா இருக்காது.

அந்த 81%ங்கற எண் தனியா தலைப்புச் செய்தி ஆச்சு. "ஆன்லைன் டேட்டிங்னாலே பொய்தான்"னு பேசுறவங்க இன்னைக்கும் அதைத்தான் எடுத்து வைக்கிறாங்க. ஆனா அந்த ஆய்வோட இன்னொரு பாதியை யாரும் பேசறதில்லை. பொய் சொன்னவங்க நிறையப் பேர்தான், சொன்ன பொய் ரொம்பச் சின்னது. பெரும்பாலானவை எதிர்ல வந்து உக்காந்தா கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். அரை இன்ச், சில கிலோ, இந்த ரகம்.

ஏன் இவ்வளவு சின்னதா நிறுத்திக்கிட்டாங்க? ப்ரொஃபைல்ல எதை வேணாலும் எழுதலாம், யாரும் தடுக்கப் போறதில்லை. 5 அடி 6-ஐ 6 அடி 2-ன்னு போட்டா யார் கேக்கப் போறா? கேக்கறதுக்கு ஒருத்தர் இருக்காங்க. அடுத்த வாரம் காஃபி ஷாப்ல எதிர் நாற்காலியில உக்காரப் போறவங்க. நேர்ல சந்திக்கப் போறோம்ங்கற எண்ணம்தான் பொய்க்குக் கடிவாளம். ஆராய்ச்சியாளர்களோட விளக்கமும் இதுதான்: ப்ரொஃபைலை எப்படி வேணாலும் திருத்தலாம்ங்கற வசதி ஒரு பக்கம் இழுக்குது, சந்திப்பு வரப்போகுதுங்கற நினைப்பு மறுபக்கம் இழுக்குது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறதுதான் அந்த அரை இன்ச்.

இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. சந்திப்பு பொய்யைக் கட்டுப்படுத்துதுன்னா, சந்திப்புல தெரியவராத பொய்யை எது கட்டுப்படுத்தும்? இந்த எபிசோடே அந்தக் கேள்விதான். அங்க போறதுக்கு முன்னாடி உயரத்தைக் கொஞ்சம் முடிச்சிடலாம், ஏன்னா அதுல ஒரு வேடிக்கை இருக்கு.

*

2010-ல் ஓகேக்யூபிட் தளம் தன் பயனர்கள் எழுதின உயரத்தை எல்லாம் கூட்டி, அமெரிக்க மக்களோட நிஜமான உயரக் கணக்கோட ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டாங்க. ஆண்களோட கோடு மொத்தமா ஒரு ரெண்டு இன்ச் வலது பக்கம் நகர்ந்திருந்தது. அதுலயும் ஆறடியை நெருங்க நெருங்க இன்னும் கொஞ்சம் அதிகமா எக்கிப் பிடிச்சிருந்தாங்க. 5 அடி 11-ல் நிக்கறவருக்கு அந்த ஒரு இன்ச் மேல ஏக்கம். நியூயார்க் ஆய்வில் ஒவ்வொரு ஆளையும் டேப் வச்சு அளந்தாங்க, இங்க கூட்டத்தோட சராசரியை ஒப்பிட்டாங்க, அதனால ரெண்டு கணக்கையும் அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது. ஆனா எந்தப் பக்கம் சாயுதுங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இதுல தன்னம்பிக்கைக் குறைவு, ஆண்மை பத்தின கவலை எல்லாம் இருக்கலாம். அதோட சாதாரணமான ஒரு காரணமும் இருக்கு: ஃபில்டர். தேடுற இடத்தில் ஒருத்தங்க "5'10-க்கு மேல"ன்னு வச்சா, 5'9-ல இருக்கறவர் அவங்க திரையிலேயே வரமாட்டார். அவர் நல்லவரா, கெட்டவரா, பிரியாணி நல்லாச் செய்வாரான்னு எதுவும் தெரியப் போறதில்லை. வயசுலயும் இதே கதைதான். எலிசன் குழு 2006-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 34 பேரைப் பேட்டி எடுத்தாங்க. ஃபில்டர்ல இருந்து விழுந்துடக் கூடாதுன்னு வயசைக் குறைச்சுப் போட்டுட்டு, பேச ஆரம்பிச்சதுமே உண்மையைச் சொல்லிட்டவங்க அதுல இருந்தாங்க. அவங்களைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. வாசல்ல இருக்கற செக்யூரிட்டிகிட்ட ஏதோ சொல்லி உள்ள வந்து, வீட்டுக்காரங்ககிட்ட உண்மையைச் சொல்ற மாதிரி.

நான் இதை நியாயப்படுத்த வரல. ஆனா ஒரு மனுஷனை எண்ணா மாத்திக் கட்டத்துக்குள்ள அடைச்சா, அவன் அந்த எண்ணோட சண்டை போடத்தான் செய்வான். நம்ம ஊர் ஆண்களோட சராசரி உயரம் ஆறடிக்கு ரொம்பவே கீழ. அப்படியிருந்தும் ஆப்புல எத்தனை ஆறடி பாக்கறோம்!

அதே 2006 ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம். ஒரு பெண் ப்ரொஃபைல்ல எடையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்காங்க. முதல் ஆள் பேச வந்ததும் மனசு உறுத்தியிருக்கு. ப்ரொஃபைலை மாத்தல. எடையைக் குறைச்சாங்க! 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ. எழுதின பொய்யை உண்மையாக்கிட்டாங்க.

இது சிரிப்பா இருந்தாலும், ப்ரொஃபைல் எழுதும்போது மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு காட்டுது. அங்க மூணு ஆள் உக்காந்திருக்காங்க: இப்ப இருக்கற நான், நான்னு நான் நினைச்சிட்டிருக்கற நான், ஆகப்போறதா நம்பிட்டிருக்கற நான். "வீக்கெண்ட்ல ட்ரெக்கிங்"னு எழுதினவர் கடைசியா கொல்லிமலை ஏறினது காலேஜ் நாலாம் வருஷத்துல இருக்கலாம். அவர் பொய் சொல்றாரா? அவர் மனசுல இன்னும் ட்ரெக்கிங் போற ஆள்தான். நாம நம்மளைப் பாக்கற கண்ணாடியே கொஞ்சம் பனி படிஞ்சது. எலிசன் குழுவும் கிட்டத்தட்ட அதே உவமையைத்தான் பயன்படுத்துறாங்க, மங்கலான கண்ணாடின்னு. இன்னைக்கு அந்தப் பனியை ஃபோன் கேமராவே பூசித் தருது. பல ஃபோன்ல பியூட்டி மோடு தானாவே ஆன்ல இருக்கு. மூணு வருஷமா அந்த முகத்தையே செல்ஃபியில பாத்தவருக்கு, பாத்ரூம் கண்ணாடியில தெரியற முகம்தான் தப்பாத் தெரியும்.

நியூயார்க் ஆய்வில் கலந்துக்கிட்டவங்களே, "என் ப்ரொஃபைல்ல ரொம்ப நம்ப முடியாதது ஃபோட்டோதான்"னு மார்க் போட்டாங்க. ரொம்பச் சரியானதுன்னு எதுக்குப் போட்டாங்க தெரியுமா? உறவு நிலைக்கு. கல்யாணம் ஆச்சா, இல்லையா, விவாகரத்தா, இந்தத் தகவலுக்கு. தொப்பையை மறைக்கலாம், தாலியை மறைக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கோடு இருந்திருக்கு.

*

அப்ப எது பொய், எது மேக்கப்? இதே ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் ஒரு கட்டுரையில் இதுக்கு ஒரு நல்ல வழி காட்டினாங்க. ப்ரொஃபைலை ஒரு சர்டிஃபிகேட்டா பாக்காதீங்க, ஒரு வாக்குறுதியா பாருங்கன்னாங்க. "நேர்ல வந்தா, இதுல இருந்து அடிப்படையில் மாறுபட்ட ஒரு ஆளைப் பாக்க மாட்டீங்க." அவ்வளவுதான் வாக்குறுதி. சின்னச் சின்ன ஏத்த இறக்கத்தை ரெண்டு பக்கமும் மன்னிச்சு விடறாங்க. பயோடேட்டாவில் "டீம் லீட்"னு போட்டவர் நிஜத்தில் ரெண்டு ஜூனியருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்னு ஹெச்.ஆருக்குத் தெரியாதா என்ன!

இந்த இடத்துல ஒருத்தராவது அந்தப் பழமொழியை எடுப்பீங்கன்னு தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம். "அது பொய் இல்ல, ஆயிரம் பேர்கிட்ட 'போய்ச் சொல்லி'ங்கறதுதான் அப்படித் திரிஞ்சிடுச்சு"ன்னு ஒரு விளக்கமும் வாட்ஸ்ஆப்ல சுத்துது. எனக்கு அது பின்னாடி சேர்த்த சமாதானம் மாதிரிதான் படுது. பழமொழி எப்படியோ போகட்டும். நம்ம வீடுகள்ல கல்யாணப் பேச்சில் பொய் இல்லாம இல்லை. மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடும், பொண்ணுக்கு வயசு குறையும், "பையனுக்கு எந்தப் பழக்கமும் இல்லை"ங்கற வரி எல்லா ஜாதகத்தோடயும் சேர்ந்தே வரும்.

ஆனா அந்த முறையில் பொய்க்கு எதிரா ஒரு ஏற்பாடும் இருந்தது. அதுக்குப் பேர் "விசாரிக்கறது". பொண்ணு வீட்டில் ஒரு மாமா கிளம்பிப் போய், பையன் இருக்கற தெருவில் பெட்டிக்கடையில் டீ குடிச்சிக்கிட்டே கேட்டுட்டு வருவார். ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு தேடுவாங்க. இதோட கெட்ட பக்கம் நமக்கு நல்லாத் தெரியும்: விசாரிப்புங்கற பேர்ல சாதி பாத்தாங்க, பொண்ணோட "நடத்தை"யைப் பத்தி ஊர் வாயைக் கேட்டாங்க. அந்த மாமா திரும்ப வேணும்னு நான் சொல்லல. அவர் செஞ்ச வேலையோட தன்மையை மட்டும் பாருங்க. பையன் தன்னைப் பத்தித் தானே சொன்னதை அவர் கணக்குல எடுக்கல. பையனால மாத்தி எழுத முடியாத ஒரு இடத்துல போய்க் கேட்டார்.

2002-ல் ஜோசப் வால்தர், மால்கம் பார்க்ஸ்னு ரெண்டு பேர் எழுதின ஒரு கோட்பாடும் இதைத்தான் சொல்லுது. ஒருத்தரைப் பத்தின தகவலை அவரே எவ்வளவு தூரம் மாத்த முடியுமோ, அவ்வளவு தூரம் அது நம்பிக்கையை இழக்குது. அவர் கை படாத தகவலுக்கு மதிப்பு அதிகம். அதனாலதான் ஒருத்தர் இன்ஸ்டால போட்ட படத்தை விட, ஃப்ரெண்டு கல்யாணத்தில் யாரோ எடுத்து அவரை டேக் பண்ணின படத்தை நாம ஜூம் பண்ணிப் பாக்கறோம். டேட்டிங் ஆப் அந்த மாமாவை வேலையை விட்டுத் தூக்கிடுச்சு. நல்லதுதான். ஆனா அந்த வேலை அப்படியே கிடக்குது, அதை இப்ப நாமதான் செஞ்சாகணும்.

*

சரி, நான் ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வர்றேன். சந்திப்புல தெரியவராத பொய்.

நம்ம நேயர் ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அனுமதியோட, அடையாளம் தெரியாத மாதிரி சொல்றேன். சென்னையில் வேலை பாக்கறாங்க, வயசு 27. ஆப்ல ஒருத்தரைப் பாத்து, பேசி, சந்திச்சு, எட்டு மாசம். ப்ரொஃபைல்ல அவர் போட்டிருந்த உயரம் சரி, வேலை சரி, ஃபோட்டோ சரி. பூனை கூட நிஜமாவே இருந்தது. எட்டாவது மாசம் அவர் சொல்றார், "வீட்ல பொண்ணு பாத்துட்டாங்க. எங்க வீட்ல வேற கம்யூனிட்டி எல்லாம் சான்ஸே இல்ல, உனக்கே தெரியும்ல."

அவங்களுக்குத் தெரியாது. வாய்ஸ் நோட்ல அவங்க சொன்னது இதுதான்: "அவன் மனசு மாறியிருந்தா அழுதுட்டு விட்டுருப்பேன். மாறவே இல்லைங்க. முதல் நாள்ல இருந்தே அவனுக்கு இது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

அந்த எட்டு மாசத்துல அந்த ஆள் ஒரு வாக்கியம் கூடப் பொய்யாச் சொல்லாம இருந்திருக்கலாம். டேப் வச்சு அளந்தா அவர் அந்த நேர்மையான 19%-ல வருவார். என் கணக்குல உயரத்தில் ரெண்டு இன்ச் கூட்டினவரை விட இவர் செஞ்சது பெரிய ஏமாத்து. காஃபி ஷாப்ல எதிர்ல உக்காந்தவங்களுக்கு உயரம் பாத்த உடனே தெரிஞ்சிடும், பிடிக்கலைன்னா ஒரு ஃபில்டர் காஃபியோட எழுந்து போயிடலாம். இது தெரியறதுக்கு எட்டு மாசம் ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க, ஆப்ல சாதிக்குக் கட்டம் கிடையாது. மேட்ரிமோனி தளத்தில் இருக்கு. அங்க மனுஷங்க கூச்சமே இல்லாம, உட்பிரிவு வரைக்கும் போட்டுத் தேடறாங்க. ஆப்ல கட்டம் இல்லாதது நல்ல விஷயம். ஆனா திரையில் இல்லைங்கறதால வீட்ல இல்லைன்னு ஆயிடாது. ஆப்ல இருக்கற 28 வயசுப் பையனுக்கும் பொண்ணுக்கும் பல நேரம் ரெண்டு ப்ரொஃபைல் ஓடிட்டிருக்கு: ஒண்ணு அவங்க போட்டது, இன்னொண்ணு அப்பா அம்மா மேட்ரிமோனியில் போட்டது. ஒண்ணுல "பயணம், நாய்க்குட்டி, இளையராஜா". இன்னொண்ணுல கோத்திரம், நட்சத்திரம், எதிர்பார்ப்பு. ஒரே ஆள்தான். எதிர்ல இருக்கறவங்களுக்கு முதல் ப்ரொஃபைல் மட்டும்தான் தெரியுது.

ஆப்ல "என்ன தேடறீங்க"ன்னு கேக்கற இடத்துல "இன்னும் முடிவு பண்ணல"ங்கற மாதிரி ஒரு பதில் இருக்கும். சில பேருக்கு அது நிஜமாவே உண்மை, அதுல தப்பே இல்லை. ஆனா வீட்டுல யாரைக் கட்டி வச்சாலும் கட்டிக்கப் போறோம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டவர் அதைத் தட்டினா, அது பொய். சீரியஸா எதுவும் வேணாம்னு ரெண்டு பேரும் தெரிஞ்சு பழகறதும் தப்பில்லை. அங்க ரெண்டு பேருக்கும் தெரியும், அதுதான் வித்தியாசம்.

சட்டம் இதுல எங்க வருதுன்னு கேக்கறவங்களுக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு, நிறைவேத்தற எண்ணமே இல்லாம கல்யாணம் பண்ணிக்கறேன்னு வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணோட உடலுறவு வச்சுக்கறதைக் குற்றமாக்குது. அடையாளத்தை மறைச்சுக் கல்யாணம் பண்றதும் அதுல வருது. தண்டனை 10 வருஷம் வரைக்கும் போகலாம். ஆனா சொன்ன வாக்கை அப்புறம் காப்பாத்த முடியாமப் போறது வேற, சொல்லும்போதே பொய்யாச் சொல்றது வேற. இந்த வேறுபாட்டை 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவா எடுத்துச் சொல்லியிருக்கு. நம்ம நேயர் அழுதுக்கிட்டே சொன்னதும் அதே வேறுபாடுதான். கோர்ட்டுக்குப் போற அளவு இல்லாத நூறு விஷயங்களுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

*

இப்ப நீங்க ஒண்ணு கேக்கலாம். அப்ப எல்லாத்தையும் ப்ரொஃபைல்லயே கொட்டிடணுமா?

கூடாது. மறைக்கறதும் பொய் சொல்றதும் ஒண்ணில்லை. ஒரு பெண் தன் ஆபீஸ் பேரைப் போடாம இருக்காங்க, இன்ஷியலை மட்டும் பேராப் போடறாங்க, நம்பர் கேட்டா "ஆப்லயே பேசலாம்"ங்கறாங்க. யாராவது ஒருத்தன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா என்ன பண்றதுங்கற பயம் அது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. தன்பாலீர்ப்பு உள்ள ஒருத்தர் முகம் காட்டாத ஃபோட்டோ வைக்கறார். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவின் பிடியில இருந்து அவங்களை விடுவிச்சது. வீடும் ஹவுஸ் ஓனரும் ஆபீஸும் இன்னும் அந்தத் தீர்ப்பைப் படிச்சு முடிக்கல. ஆப் வழியா வரச்சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கற சம்பவங்களும் நடக்குது. அங்க முகத்தை மறைக்கறது தற்காப்பு.

விவாகரத்து ஆனவங்க? ப்ரொஃபைல்ல முதல் வரியா போடணும்னு கட்டாயம் இல்லை. உலகத்துக்கே அறிவிக்க வேண்டிய செய்தி இல்லை அது. ஆனா ஒருத்தரைச் சந்திக்கலாம்னு முடிவு ஆனா, அந்தச் சந்திப்புக்கு முன்னாடி சொல்லிடறது நல்லது. குழந்தை இருந்தா கண்டிப்பா.

எனக்கு உதவற ஒரு உரசிப் பாக்கற முறை இருக்கு. நான் இதை மறைக்கறது எனக்கு வரக்கூடிய ஆபத்துக்குப் பயந்தா, இல்ல எதிர்ல இருக்கறவங்க "வேணாம்"னு சொல்லிடுவாங்கன்னு பயந்தா? முதலாவதுன்னா மறைங்க, உங்க உரிமை. ரெண்டாவதுன்னா, அவங்க எடுக்க வேண்டிய முடிவை நீங்க அவங்க கையில இருந்து பிடுங்கறீங்க. எப்பவுமே சுத்தமாப் பிரியாது. ரெண்டு பயமும் கலந்தே வர்ற விஷயங்களும் இருக்கு. அப்ப பேசாம விடுங்க, பொய்யா மட்டும் நிரப்பாதீங்க. காலியா இருக்கற கட்டத்தைப் பாத்து ஒருத்தர் கேள்வி கேக்கலாம். பொய்யா நிரப்பின கட்டத்தைப் பாத்து யாரும் கேக்க மாட்டாங்க.

*

"சரி, எதிர்ல இருக்கறவர் பொய் சொல்றாரான்னு படிச்சே கண்டுபிடிக்க முடியுமா?" இது எங்களுக்கு அதிகமா வந்த கேள்வி.

டோமாவும் ஹான்காக்கும் 2012-ல் இதையும் பாத்தாங்க. அதிகமாப் பொய் சொன்ன ப்ரொஃபைல்களோட மொழியில சில தடயம் கிடைச்சது. "நான்"ங்கற சொல் குறைஞ்சிருந்தது. எதிர்மறைச் சொற்கள் கூடியிருந்தது. தன்னைப் பத்தின விவரிப்பு சுருக்கமா இருந்தது. பொய்யிலிருந்து தன்னைத் தள்ளி நிறுத்திக்கறது, எழுத எழுத மாட்டிக்குவோம்னு குறைவா எழுதறது. ஆனா அதே ப்ரொஃபைல்களை மத்தவங்ககிட்ட கொடுத்து யாரு நம்பகமானவர்னு கேட்டப்ப, அவங்களால சரியாப் பிரிக்க முடியல. கம்ப்யூட்டர் கணக்குக்குத் தெரிஞ்சது மனுஷக் கண்ணுக்குத் தெரியல.

போதாக்குறைக்கு, இது ஆங்கில ஆய்வு. தமிழ்ல "நல்லா சமைப்பேன்"னு எழுதினா "நான்" வினைச்சொல்லோட வால்லயே ஒட்டியிருக்கு, தனியா எண்ண முடியாது. இப்ப பயோவையே சாட்ஜிபிடி எழுதித் தருது. அதனால பயோவை வச்சு துப்பறியும் வேலை பாக்காதீங்க.

சாட்ல சொல்ற பொய்யைப் பத்தியும் ஒரு நல்ல செய்தி இருக்கு. 2018-ல் டேவிட் மார்க்கோவிட்ஸும் ஹான்காக்கும் வெளியிட்ட ஆய்வில், டேட்டிங் ஆப்ல மேட்ச் ஆனதுக்கு அப்புறம் அனுப்பின செய்திகளை, அனுப்பினவங்களே குறிச்சுக் கொடுக்க வச்சாங்க. ஏமாத்துச் செய்திகள் சுமார் 7%தான். அதுல நிறைய நாம தினமும் நண்பர்களுக்கே சொல்றதுதான்: "சாரி, ஃபோன் சைலண்ட்ல இருந்தது", "இந்த வாரம் செம்ம வேலை." மிச்சம், எதிர்ல இருக்கறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி காட்டிக்கறது. "எனக்கும் அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்."

ஆனா இதெல்லாம் நிஜமாவே சந்திக்க நினைக்கறவங்க கணக்கு. சந்திக்கற எண்ணமே இல்லாதவருக்கு அந்தக் கடிவாளமே கிடையாது. அங்க பொய்க்கு அளவும் இல்லை. கப்பல்ல கேப்டன், வெளிநாட்டுல டாக்டர், கிஃப்ட் அனுப்பினேன் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, கிரிப்டோவில் நான் பணம் போட்ட மாதிரி நீயும் போடு. மாசக்கணக்கா தினமும் குட் மார்னிங், ஆனா வீடியோ கால்னா கேமரா ரிப்பேர், நேர்லன்னா ஃப்ளைட் கேன்சல். இந்த மோசடியோட மையமே சந்திப்பைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கறதுதான். நேர்ல வந்து ஏமாத்தறவங்களும் உண்டு. நெட்ஃபிளிக்ஸில் 2022-ல் வந்த 'த டிண்டர் ஸ்விண்ட்லர்' ஆவணப்படத்தில் அந்தப் பெண்கள் சொல்றது, தனி விமானத்துல ஏத்திக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் பணம் கேட்ட ஆளைப் பத்தி. அதனால சந்திச்சாச்சோ சந்திக்கலையோ, பணம்னு பேச்சு வந்தா அங்கயே நிறுத்துங்க. பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு நாளை ஓட்டாம உடனே 1930-க்கு அடிங்க, அது தேசிய சைபர் குற்ற உதவி எண். சீக்கிரம் சொன்னாதான் பணத்தை நடுவுலயே நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு. கம்ப்யூட்டர், ஃபோன் வழியா வேற ஆள் மாதிரி நடிச்சு ஏமாத்தறது ஐ.டி சட்டம் 66டி பிரிவில் 3 வருஷம் வரைக்கும் சிறை.

மோசடியே இல்லாத இடத்துலயும் சந்திப்பைத் தள்ளிப் போடறதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதுல குற்றவாளி நாமளேதான். வெறும் எழுத்துல பழகும்போது எதிர்ல இருக்கறவங்களைப் பத்தி நமக்குத் தெரியாத இடத்தை எல்லாம் நம்ம ஆசையாலயே நிரப்பிக்கறோம். முன்னாடி சொன்ன அதே வால்தர் 1996-லயே இதைப் பத்தி எழுதிட்டார். ரெண்டு மாசம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சாட் பண்ணினா, நீங்க காதலிக்கறது பாதி அவங்களை, பாதி நீங்க எழுதின கதையை. நேர்ல வந்தவங்க அந்தக் கதை மாதிரி இல்லைன்னா "ஏமாத்திட்டாங்க"ன்னு தோணும். அவங்க எதுவுமே பொய் சொல்லியிருக்க மாட்டாங்க, பாவம்.

அதனால சீக்கிரம் சந்திங்க. முதல்ல ஒரு அஞ்சு நிமிஷ வீடியோ கால். அப்புறம் கூட்டம் இருக்கற இடத்துல, பகல்ல, நீங்களே போய்ட்டு நீங்களே வர்ற மாதிரி. ஃப்ரெண்டு ஒருத்தருக்கு லைவ் லொகேஷன்.

உங்க ப்ரொஃபைலுக்கு ஒரே ஒரு வேலை சொல்றேன். அதை உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஃப்ரெண்டுகிட்ட கொடுத்து, "இதைப் பாத்துட்டு என்னை நேர்ல பாத்தா அடையாளம் தெரியுமா"ன்னு கேளுங்க. உங்க கண்ணாடியில பனி இருக்கலாம், அவங்க கண்ணாடியில இருக்காது. ரொம்ப அழகா இருக்கற அந்த ஃபோட்டோ எந்த வருஷத்துதுன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வீட்டு விஷயம், சாதி விஷயம், யாரு முடிவெடுப்பாங்கங்கற விஷயம், இதை எப்பச் சொல்றது? முதல் மெசேஜ்ல வேண்டாம், யாரும் முதல் மெசேஜ்ல குடும்ப வரலாறு கேக்கல. ஆனா ரெண்டு மூணு தடவை பாத்து, "அடுத்த வாரம் எங்க போலாம்"னு பேச ஆரம்பிச்சிட்டீங்கன்னா நேரம் வந்துடுச்சு. இப்படிச் சொல்லலாம்: "எங்க வீட்ல இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. அவங்களை எதிர்த்து நிப்பேனான்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சுதான் நீ முடிவு பண்ணணும்." சொல்றதுக்குக் கஷ்டமாதான் இருக்கும். அன்னைக்கே எழுந்து போயிடுவாங்கன்னு பயமா இருக்கும். சிலர் போவாங்க.

வாய்ஸ் நோட் அனுப்பின நேயர்கிட்ட, இப்ப திரும்ப ஆப்ல இருக்கீங்களான்னு கேட்டேன். இருக்காங்களாம். ரெண்டாவது சந்திப்புலயே "உங்க மேட்ரிமோனி ப்ரொஃபைல் யாரு எழுதினது"ன்னு கேக்கறாங்களாம். ரெண்டு பேர் சிரிச்சிருக்காங்க. ஒருத்தர் உடனே ஃபோனை எடுத்து, அப்பா எழுதினதைக் காட்டிட்டாராம்.

அடுத்த எபிசோடில் பிரேக்அப்புக்கு அப்புறம் ஒரே ஆபீஸ்ல, ஒரே டீம்ல வேலை பாக்கறதைப் பத்திப் பேசப் போறோம். அதுல மாட்டிக்கிட்டு இருக்கறவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் சொல்ல மாட்டோம்.